நாலை மூன்றாக எழுதியவன் கேமரன் மலைக்குப் போனது

கேமரன் மலைக்கு ஏறுகிற கூட்டம் பெரும்பாலும் ஸ்ட்ராபெரி தின்னவும், தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொள்ளவும் போகிறது. நான் போனது ஒரு பதினாறு வயதுப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க. திண்டுக்கல்லில் இருபத்தேழு வருஷமாக உடற்கல்வி ஆசிரியராக இருந்து, எத்தனையோ பிள்ளைகளைத் தோப்புக்கரணம் போட வைத்தவன் நான். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. அதனால் பையில் பத்து வெள்ளைத் தாளும் ஒரு நல்ல பேனாவும் எடுத்துப் போனேன்.

நடந்தது இதுதான். கோலாலம்பூரில் இளையோருக்கான சர்வதேச வாள்வீச்சுப் போட்டி. எங்கள் மாவட்டத்தில் வாள்வீச்சு தெரிந்தவர்களை எண்ணினால் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுவோம். அதிலும் பாஸ்போர்ட் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். ஆகவே தீவிரமான தேர்வுக்குப் பிறகு என்னைத் தன்னார்வலனாக அனுப்பினார்கள். ஊரில் சர்வதேச நடுவர் என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். அங்கே எனக்குக் கிடைத்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு அட்டை, ஒரு பேனா. நடுவர் சொல்கிற எண்ணைக் கட்டத்துக்குள் எழுத வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய வேலை. அதைத்தான் கெடுத்தேன்.

முதல் சுற்றில் பெண்களை ஆறு ஆறு பேராகப் பிரிப்பார்கள். ஒவ்வொருத்தியும் தன் குழுவில் உள்ள மற்ற ஐந்து பேரோடும் மோத வேண்டும். வாள்முனையால் முதலில் ஐந்து முறை தொட்டவள் ஜெயித்தவள். தோற்றவள் எத்தனை முறை தொட்டாள் என்பதும் வீண் போகாது; எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துத்தான் கடைசியில் வரிசை போடுவார்கள். அந்த வரிசையில் நாற்பத்தெட்டாவது ஆள் வரை அடுத்த சுற்றுக்குப் போகலாம். மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

என் மேசைக்கு வந்த குழுவில் ஒரு மலேசியப் பெண் இருந்தாள். யோகேஸ்வரி. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. "ஷூ கயிறு அவிழ்ந்திருக்கு பாரும்மா" என்று தமிழில் சொன்னேன். அவ்வளவுதான், அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் முகமூடியை இழுத்துவிட்டாள். மூன்றாவது ஆட்டத்தில் ஒரு தாய்லாந்துப் பெண்ணிடம் ஐந்துக்கு நாலு என்று தோற்றாள். நான் மூன்று என்று எழுதினேன். காரணம் கேட்பீர்கள். அந்த நேரம் மதியச் சாப்பாட்டுப் பொட்டலங்களை மேசை மேசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் மேசைக்கு வருமுன் தீர்ந்துவிடுமோ என்று ஒரு கண்ணை அங்கே வைத்திருந்தேன். பொட்டலம் வந்தது. நாலு போய்விட்டது.

சுற்று முடிந்ததும் ஆடியவர்கள் எல்லாரும் தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற பெண்கள் ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துச் சரிபார்த்தார்கள். என்ன அவநம்பிக்கை என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. யோகேஸ்வரி மட்டும் தாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "சரியா இருக்குல்ல அங்கிள்?" என்றாள். "எல்லாம் சரிம்மா" என்றேன். கையெழுத்தைப் போட்டுவிட்டாள். மாலையில் சுவரில் ஒட்டிய வரிசையில் அவள் நாற்பத்தொன்பதாவது.

இரண்டு நாள் கழித்து அந்தத் தாய்லாந்துப் பெண்ணின் அப்பா என்னைத் தேடி வந்து, மகள் ஜெயித்த காட்சியைத் தன் போனில் போட்டுக் காட்டினார். பாவம், என்னைப் பெருமைப்படுத்த வந்தார். பின்னால் புள்ளி காட்டும் மெஷினில் சிவப்பு எழுத்தில் ஐந்து, நாலு என்று எரிந்துகொண்டிருந்தது. போட்டி அலுவலகத்துக்கு ஓடினேன். கையெழுத்துப் போட்ட பிறகு தாள்தான் முடிவு என்று கை கழுவினார்கள். அவளுடைய பயிற்சியாளர் ஒரு சீன அம்மையார், கோபத்தைக்கூட மெதுவாகப் பேசுகிறவர். அவர் சொன்னது இன்னும் மோசம். அடுத்த சுற்றுக்குப் போனவர்களுக்கு மட்டும்தான் தலைநகரில் விடுதியும் பயிற்சியும் தொடருமாம். யோகேஸ்வரியை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. பட்டியல் திங்கட்கிழமை முடிவாகிறது. "நீங்கள் செய்ததை எழுதி, நீங்களும் அவள் வீட்டாரும் கையெழுத்திட்டுத் தந்தால் தேர்வுக் குழுவின் முன் வைக்கிறேன். போனில் கூப்பிட்டால் அவள் எடுப்பதில்லை" என்றார். என் விமானம் புதன்கிழமை. இப்படித்தான் மலையேறினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலைமேல் பிரிஞ்சாங் என்கிற ஊரில் இறங்கினேன். கொடைக்கானலுக்கு அடிவாரத்து ஊர்க்காரன் என்பதால் எந்த மலையைப் பார்த்தாலும் மதிப்பெண் போடுகிற வியாதி எனக்கு உண்டு. குளிர் என்றார்கள், எங்கள் ஊர் மார்கழிக் காலை அளவுக்கு இருந்தது. அதற்கே ஒரு குடும்பம் கம்பளித் தொப்பி, கையுறை சகிதம் பனிப்பிரதேசத்துக்குக் கிளம்பியது போல நடந்துகொண்டிருந்தது. ஊரெங்கும் ஸ்ட்ராபெரி: தலையணை ஸ்ட்ராபெரி, குடை ஸ்ட்ராபெரி, என் அறைச் செருப்பு ஸ்ட்ராபெரி. நிஜ ஸ்ட்ராபெரியை ஒரு பெட்டி வாங்கித் தின்று பார்த்தேன். எங்கள் ஊர் நெல்லிக்காய்க்கு இவ்வளவு விளம்பரம் செய்திருந்தால் நாங்கள் எங்கேயோ போயிருப்போம்.

இரவுச் சந்தையில் சோளம் வாங்கிக் கடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு கணவன் மனைவியிடம் ஆங்கிலத்தில் கேட்டான்: "நாளைக்கு என்ன பார்க்கிறோம்?" மனைவி சொன்னாள்: "தேயிலை." "இன்றைக்குப் பார்த்தது?" "அது வேறு தேயிலை." அந்த மனிதனின் முகத்தைப் பார்த்து எனக்கு என் கவலைகூடக் கொஞ்சம் குறைந்தது.

அறைக்கு வந்து கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை டாக்சிக்காக ஒரு மணி நேரம் நின்றேன். வந்த டாக்சிகளில் எல்லாம் கம்பளித் தொப்பிகள். கடைசியில் ஒரு காய்கறி லாரி நின்றது; அங்கே அதை லோரி என்கிறார்கள். ஓட்டியவர் குணா, திரிங்காப்பில் முட்டைக்கோஸ் போடுகிற நாற்பது வயதுக்காரர்.

"எங்கண்ணே போகணும்? இன்னிக்கி டாக்சி கெடைக்காது லா. சனிக்கெழம, ஜேம் ஆயிரும். ஏறுங்க."

ஏறினேன். ஜேம் ஆனது. முக்கால் மணி நேரத்தில் ஒரு பர்லாங்கு கடந்தோம். எதிரே நடந்து போன ஒரு கிழவி எங்களை இரண்டு முறை பார்த்துவிட்டாள், போகும்போதும் திரும்பும்போதும். நான் யாரைத் தேடிப் போகிறேன் என்று சொன்னதும் குணாவுக்கு உற்சாகம் வந்தது.

"யோகேஸா? வாள் சண்ட புள்ள தானே. தோத்துட்டு வந்துருச்சாமே. அது படம் நம்மகிட்ட இருக்குண்ணே, பாக்குறீங்களா?"

லோரி எப்படியும் நின்றுதான் இருந்தது. இறங்கிப் பின்பக்கம் போனோம். முட்டைக்கோஸ் மூட்டைகளை மூடியிருந்த பிளாஸ்டிக் விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கிக் காட்டினார். உள்பக்கம் அச்சடித்திருந்தது. நடுவில் கோயில் கமிட்டித் தலைவர், ஆளுயரம். இரண்டு பக்கமும் செயலாளர், பொருளாளர். கீழே வலது மூலையில், அஞ்சல்தலை அளவில், வெள்ளை உடுப்பில் யோகேஸ்வரி. தலைப்பு: 'உலகை வென்று வந்த எங்கள் வீர மங்கையே வருக.'

"போட்டி தொடங்குறதுக்கு முன்னயே அடிச்சிட்டாங்களா?" என்றேன்.

"ஜெயிச்சப்புறம் அடிக்க டைம் பத்தாதுல்லண்ணே. தலைவருக்கு ஞாயித்துக்கெழமதான் லீவு. இப்ப தோத்துருச்சு, என்ன செய்ய? நல்ல பிளாஸ்டிக்கு. மழைக்கு ஆவும்னு நான் எடுத்துக்கிட்டேன்."

இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் சொல்லத் தோன்றவில்லை. வராத வெற்றிக்கு அவர்கள் பேனர் அடித்தார்கள். வந்த தொடுகையை நான் அழித்தேன். சேர்த்துப் பார்த்தால் அவர்கள் எவ்வளவோ மேல்.

தோட்டத்துக்கு வழி பிரிகிற இடத்தில் குணா இறக்கிவிட்டார். அங்கிருந்து இலை ஏற்றுகிற தோட்டத்து லோரியில் பின்னால் நின்றுகொண்டு போனேன். பச்சை, பச்சை, இன்னும் பச்சை. நேற்றைய கணவனின் கஷ்டம் புரிந்தது. கோயிலடியில் இறங்கியபோது ஒரு பெரியவர் மெஷினை வைத்துப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் வாள்வீச்சு முகமூடி. கம்பி வலைக்குள்ளிருந்து மீசை தெரிந்தது. கல் தெறித்தால் கண்ணில் படாது, ரொம்ப வசதி என்று நான் கேட்காமலே சொன்னார்.

"யாருது இது?"

"நம்ம யோகேஸோடதுதான். வந்த அன்னிக்கே குடுத்துருச்சு. இனிமே வேணாம்னுச்சு."

அதுவரை ஒரு கடிதம், இரண்டு கையெழுத்து, ஒரு கப் டீ என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். அந்த முகமூடியைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். ஆனால் லோரி போய்விட்டிருந்தது.

யோகேஸ்வரியின் அம்மா பார்வதி இலை நிறுக்கிற கொட்டகையில் இருப்பதாகச் சொன்னார்கள். இப்போதெல்லாம் பங்களாதேஷ், நேபாளப் பையன்கள் இரண்டிரண்டு பேராக மெஷினைப் பிடித்து வரிசை வரிசையாக வெட்டிக்கொண்டு போகிறார்கள். மெஷின் ஏறாத சரிவுகளில் கத்தரி வைத்து வெட்டுகிற சில தமிழ்ப் பெண்களில் பார்வதியும் ஒருவர். ஒல்லி, உயரம், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். அவருடைய சாக்கு தொங்கு தராசில் ஆடிக்கொண்டிருந்தது. எடையைக் கணக்கில் எழுதுகிற கிராணி இருபத்தைந்து வயசுப் பையன், எண்ணைச் சொல்ல வாயெடுத்தான்.

"நிக்கட்டும் தம்பி. நம்பரு நிக்கட்டும்."

எண் நின்றது. பார்வதி குனிந்து பார்த்தார். பிறகு சாக்கைப் பார்த்தார். அதன் அடிப்பக்கம் கொட்டகைத் தூணில் சாய்ந்திருந்தது. தூணை விட்டு விலக்கி நிறுத்தச் சொன்னார். எண் இரண்டு கிலோ ஏறியது. கிராணி அடித்து எழுதினான். எழுதியதையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆளுக்கு வழி விட்டார். பின்னால் நின்ற யாரும் முணுமுணுக்கவில்லை. இது தினம் நடக்கிற விஷயம் போலிருக்கிறது. நான் வந்த காரியத்தை வேறு எந்த இடத்தில் வைத்துச் சொல்லியிருந்தாலும் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

சொன்னேன். சாப்பாட்டுப் பொட்டலத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் சொன்னேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கொண்டே கேட்டார்.

"நீங்க எழுதினத அவ பாத்தாளாண்ணே?"

"கையெழுத்துப் போட்டாம்மா."

"அது தெரியிது. பாத்தாளா?"

"இல்ல. சரியா இருக்கான்னு என்கிட்ட கேட்டா. சரின்னு சொல்லிட்டேன்."

"நம்ம ஆளு தமிழ்ல சொல்றாருன்னு நம்பிட்டா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பூட்ஸில் ஒட்டிய மண்ணைக் கல்லில் தேய்த்துவிட்டு, "வீட்டுக்கு வாங்க, தே குடிச்சிட்டுப் பேசுவோம்" என்றார்.

லயத்து வீடு, தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் ஒன்று. சிமெண்டுத் தரை, அகலமான டிவி, அலமாரியில் கோப்பைகள். அப்பா காய்கறி லோரி ஓட்டிக்கொண்டு சிங்கப்பூர் போயிருந்தார். யோகேஸ்வரி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் ஆரம்பிக்குமுன்னே அவள் சொன்னாள்.

"நாலுதான் அங்கிள். எனக்குத் தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"செவுத்துல ஒட்டுனப்பவே."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"சைன் போட்டாச்சே. கோச் கேட்டா, பாக்காம போட்டேன்னுதான் சொல்லணும். வெக்கமா இருந்துச்சி."

அவள் அம்மா சமையலறையிலிருந்து இதைக் கேட்டார். அங்கே பாத்திரம் ஒன்று கொஞ்சம் சத்தமாக வைக்கப்பட்டது. மலேசியத் தேநீர் பற்றி ஒரு வார்த்தை: டின் பாலை ஊற்றி அவர்கள் செய்வது தேநீர் ருசியுள்ள பாயசம். உலகப் புகழ் பெற்ற இலை ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் வளர்ந்து நிற்கிறது. கோப்பைக்குள் அது இருப்பதற்கு ஒரு அத்தாட்சியும் இல்லை. இரண்டு கோப்பை குடித்தேன். பேசுவதற்குப் பதிலாகக் குடிக்கலாம் அல்லவா.

கடிதத்தை மறுநாள் வைத்துக்கொள்வோம் என்று பார்வதி சொல்லிவிட்டார். நாளெல்லாம் சரிவில் நின்ற ஆளிடம் ஒரு பக்க ஆங்கிலத்தை நீட்ட எனக்கும் துணிச்சல் இல்லை. கோயில் மண்டபத்தை ஒட்டிய ஓர் அறையில் என்னைப் படுக்க வைத்தார்கள். நெத்திலிச் சம்பலும் முட்டைக்கோஸ் பொரியலும் சோறும் வந்தன. திண்டுக்கல்காரன் பிரியாணியைத் தவிர எதையும் புகழ்ந்தால் ஊர்விலக்கு ஆகிவிடும்; ஆகையால் அந்தச் சம்பலைப் பற்றி மேலே எழுதாமல் விடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் கடிதத்தை யோகேஸ்வரி உரக்கப் படித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னாள். பார்வதி தரையில் உட்கார்ந்து கத்தரியை அரம் வைத்துத் தீட்டிக்கொண்டிருந்தார். முதல் பத்தியில் என் இருபத்தேழு வருஷ அனுபவம். அரம் ஓடியது. இரண்டாவதில் அரங்கின் இரைச்சல், விளக்கு வெளிச்சம், நடுவரின் உச்சரிப்பு. அரம் ஓடியது. மூன்றாவதில், விதிப்படி வீராங்கனை தாளைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டதையும், கையெழுத்திடுமுன் சரிபார்க்கும் பொறுப்பு அவருக்கு உண்டு என்பதையும், இருந்தாலும் அவருடைய இளம் வயதைக் கருத்தில் கொள்ளுமாறும் எழுதியிருந்தேன். அரம் நின்றது.

"எம்மவ கையெழுத்துப் போட்டது ரெண்டு தடவ வருது" என்றார். "நீங்க தப்பா எழுதினது எங்கண்ணே வருது?"

தாளை வாங்கிப் பார்த்தேன். வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், திட்டம் போட்டு விட்டதில்லை. கை தானாகவே அந்த இடத்தைச் சுற்றிப் போயிருக்கிறது. இருபத்தேழு வருஷமாக மாணவர்களின் சாக்குப்போக்குக் கடிதங்களைப் படித்துச் சிரித்தவனுக்கு, தன்னுடையது அடையாளம் தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் முன்னால் வைத்து எனக்குக் கூசியது.

இரண்டாவது தாள் எடுத்தேன். அனுபவம் போயிற்று. மூன்றாவது தாளில் இரைச்சலும் வெளிச்சமும் போயின. நான்காவது தாளில், "ஏன் தப்பாச்சுன்னு எழுத மாட்டீங்களா?" என்று பார்வதி கேட்டார். பொட்டலத்தைச் சொன்னேன். யோகேஸ்வரி கையால் வாயை மூடிக்கொண்டாள். பார்வதி சிரிக்கவில்லை. "அத எழுதுங்க. அதான் உண்மன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியும்" என்றார். ஐந்தாவது தாளில் கடிதம் நாலே வரியாக வந்து நின்றது: இன்ன ஆட்டத்தில் யோகேஸ்வரி நாலு முறை தொட்டாள். நான் மூன்று என்று எழுதினேன். அந்த நேரம் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக இருக்கிறதா என்று அவள் கேட்டபோது, பார்க்காமலே சரி என்றேன்.

கீழே என் பெயர். இனி எந்த நாட்டுப் போட்டியிலும் எனக்கு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகூடக் கிடைக்காது என்று தெரிந்தேதான் போட்டேன். தெரிந்தே போட்டேன் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை இருந்தது. அதையும் சேர்த்து எழுதலாமா என்று தோன்றியது. அரத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினேன்.

அப்போது யோகேஸ்வரி பேனாவை வாங்கினாள். "நானும் ஒரு வரி எழுதணும். பாக்காம சைன் போட்டேன்னு."

"அத ஏன் எழுதுற?" என்றார் அம்மா. "அதையே புடிச்சிக்குவாங்க. அப்புறம் சூசா, பெரிய கஷ்டம்."

"உண்மதானம்மா."

"உண்மதான். அவங்க கேக்கட்டும், அப்ப சொல்லு."

"கேக்க மாட்டாங்க. அவங்களாவே எதாச்சும் நெனச்சிக்குவாங்க."

பார்வதி கத்தரியை எடுத்து வெளிச்சத்தில் கூர் பார்த்தார். பார்க்கத் தேவையே இல்லாத அளவுக்கு அது பளபளத்தது. "சரி, எழுது" என்றார். "ஒரு தடவ எழுது. இவரு மாரி ரெண்டு தடவ எழுதாத."

எழுதினாள். பார்வதி முழுவதையும் திரும்பப் படிக்கச் சொன்னார். இன்னொரு தடவையும் படிக்கச் சொன்னார். நாலு என்று எழுதிய இடத்தை விரல் வைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்து, தமிழில் கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தோட்டத்தில் போன் பேச ஓர் இடம்தான் உண்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மேடு. ஊர்ப் பொதுக்கூட்டமே அங்கேதான் நடக்கிறது. ஒருவர் மாமியாரோடு சண்டை, ஒருவர் கிரிக்கெட். யோகேஸ்வரி கடிதத்தைப் படம் பிடித்துப் பயிற்சியாளருக்கு அனுப்பினாள். அசலைத் திங்கட்கிழமை நான் கையோடு கொண்டுபோவதாக ஏற்பாடு. அன்றைக்கு முழுவதும் அவள் அரை மணிக்கு ஒரு தடவை மேட்டுக்குப் போய் வந்தாள். மாலையில் கோயில் மண்டபத்தின் பக்கம் போனபோது, ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னும் பின்னும் கால் வைத்துப் பார்ப்பதைக் கண்டேன். நான் பார்ப்பதைக் கண்டதும் குச்சியைப் போட்டுவிட்டாள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நான் செய்த பாவத்தை நானே கழுவி, ஒரு பிள்ளையைக் கரையேற்றப்போகிறேன் என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். அவ்வளவு சீக்கிரம் எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை குணா கம்போங் ராஜா பக்கமிருந்து காலி லோரியோடு வந்து என்னை ஏற்றிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், சாலை உயர்ந்த ஒரு வளைவில், என் போன் அடித்தது. பயிற்சியாளர் அம்மையார். குரல் வழக்கம்போல மெதுவாக இருந்தது.

"குழு கூடியது. கடிதத்தைப் படித்தேன். கையெழுத்துப் போட்ட தாள்தான் முடிவு என்றார்கள், எங்கள் பட்டியலுக்கும் அதுதான் விதி என்றார்கள். நான் வாதாடினேன். முடியவில்லை. மூன்று மாதம் கழித்து யார் வேண்டுமானாலும் வரலாம் என்கிற தேர்வு ஒன்று உண்டு. அதற்கு அவள் வரட்டும். எடுப்பேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. அவளிடம் நான் சொல்லட்டுமா, நீங்கள் சொல்கிறீர்களா?"

நீங்களே சொல்லுங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பேருந்து பிரிஞ்சாங்கில் காத்திருந்தது. நாளை மறுநாள் விமானம். ஒரு குறுஞ்செய்தி போதும், கூடவே கைகூப்புகிற படம் ஒன்று. "நான் சொல்கிறேன்" என்றேன். குணா என் முகத்தைப் பார்த்தார். லோரியைத் திருப்பினார். திரும்புவதற்கு ஏழெட்டு முறை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது. பின்னால் நின்ற கம்பளித் தொப்பிகள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள்.

பார்வதி சரிவில் இருந்தார். யோகேஸ்வரி அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றிருந்தாள். செடிகளுக்கு இடையே நான் வழுக்கி வழுக்கி ஏறுவதைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நல்ல செய்தி என்றால் கீழிருந்தே கத்தியிருப்பேன் அல்லவா. அம்மையார் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பார்வதி கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிந்ததும் மகளைப் பார்த்து, "மூணு மாசமா?" என்று மட்டும் கேட்டார். மகள் தலையாட்டினாள். அம்மா திரும்பவும் வெட்ட ஆரம்பித்தார். வேகம் மட்டும் கூடியிருந்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன். இத்தனை தூரம் வந்தும் அந்த வார்த்தையை இன்னும் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. யோகேஸ்வரி அழவில்லை. கண் சிவந்திருந்தது. கீழே லோரியில் குணா காத்திருந்தார், நான் பையைத் தோளில் மாட்டினேன்.

"அந்த லெட்டரு கோச்சுக்கு இனிமே வேணுமா அங்கிள்?"

"வேண்டாம்மா. இனிமே யாருக்கும் வேண்டாம். ஏன் கேக்குற?"

"எனக்கு வேணும். அது ஒண்ணுலதான் நான் நாலு எடுத்தேன்னு போட்டிருக்கு."

பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். நாலு என்று எழுதிய இடத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மடித்தாள்.